வெள்ளத்தை முந்திய பணம்: வங்கதேசப் பயணக் குறிப்புகள்

ஜூன் 8 – டாக்காவிலிருந்து காய்பாந்தா

வேதாரண்யம் பக்கத்து ஆள் நான். 2018 நவம்பர் 16 அன்று விடிவதற்குள் கஜா எங்கள் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. ஆட்களைப் பள்ளிக்கூடங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் மாடு, படகு, வலை, உப்பளம் என்று போனவற்றுக்கு நிவாரணமாக வந்தது எதுவும் புயலுக்குப் பிறகு வந்ததுதான். "குடுத்ததுல பாதிய முந்தின வாரமே குடுத்திருந்தா வலையையும் எஞ்சினையும் மேட்டுக்கு ஏத்தியிருப்பேன்" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்வார்.

அப்படி முந்தியே கொடுத்துப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது என்று டாக்காவில் தொண்டு நிறுவன வேலையில் இருக்கும் தோழி சொன்னாள். வடக்கே ஜமுனா ஆற்றுத்திட்டுகள். ஆறு ஏறத் தொடங்கும் ஜூனில் வந்தால்தான் புரியும் என்று அவளே நாளும் குறித்தாள்.

காலை ஏழு மணிக்கு ஏறிய பேருந்து டாங்காயில் நகரத்தைத் தாண்டுவதற்குள் மதியமாகிவிட்டது. குளிர்சாதனம் பாதி வழியில் நின்றுபோனது. ஜன்னலைத் திறந்தால் வெந்நீர் ஆவி மாதிரி காற்று. பக்கத்து இருக்கை அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் விசிறியை எனக்கும் சேர்த்தே வீசிக்கொண்டு வந்தார். ஏறி இறங்கும் வியாபாரியிடம் ஜால்முரி வாங்கினேன், 20 டாக்கா (ஊர்ப் பெயர் மாதிரியே கேட்டாலும், இது இந்த நாட்டுக் காசின் பெயர்). பொரியில் கடுகெண்ணெய், பச்சைமிளகாய், வெங்காயம். மூக்கில் ஏறும் அந்தக் கடுகு வாசனை இந்த ஊர் முழுக்கக் கூடவே வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஜமுனாப் பாலம் 4.8 கிலோமீட்டர். 1998இல் திறந்தது. கீழே ஆறு என்று ஒன்றாக எதுவும் தெரியவில்லை. நீர், மணல், நீர், புல், மறுபடி நீர். திட்டுகளில் தகர வீடுகள் மின்னின. "அந்த மாதிரி ஒண்ணுலதான் நாளைக்குத் தூங்கப்போறோம்" என்றாள் தோழி.

போகுடாவில் மண் கிண்ணத்தில் தயிர், 50 டாக்கா. இனிப்புத் தயிரை நான் விரும்பியதில்லை. இதை மட்டும் இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன்.

ஜூன் 9 – பாலாஷி துறை, பிறகு திட்டு

ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரைக்கு, பகதூராபாத்துக்குக் கடத்திய துறை இது. இப்போது மரப் படகுகளும் அவற்றின் டீசல் எஞ்சின் இரைச்சலும்தான். படகில் நாற்பது பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், ஆறு ஆடு, ஒரு மரக் கட்டில். கூரை கிடையாது. நடு ஆற்றில் மழை பிடித்தது. எல்லாக் குடைகளும் சேர்ந்து ஒரே கூரையாகிவிட்டன. யார் குடை யார் தலைமேல் என்ற கணக்கே இல்லை.

அரை மணியில் மணல்மேட்டில் தட்டி நின்றோம். போன வாரம் இங்கே ஆழம் இருந்தது என்றார் படகுக்காரர். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கப் போனேன். "திதி (அக்கா), நீங்க உக்காருங்க, நீங்க விருந்தாளி" என்று ஒரு பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார். ஒரு மணி நேரம் போயிற்று.

இங்கே திட்டைச் சர் என்கிறார்கள். கொள்ளிடத்தில் படுகைக் கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு நிலம் பழக்கமானதாகத் தெரியும். அளவுதான் வேறு. ஆறு இங்கே பல கிலோமீட்டர் அகலம். ஒவ்வொரு வருஷமும் ஒரு பக்கம் தின்று மறுபக்கம் போடுகிறது. சோளமும் மிளகாயும் அறுவடை முடிந்து, சணல் இடுப்பு உயரம் நிற்கிறது. வெள்ளம் வருவதற்குள் சணல் இன்னும் வளர வேண்டும்.

நான் முதலில் கவனித்தது வீட்டு மேடுகளை. நான்கைந்து குடும்பங்களுக்கு ஒரு மேடு, சில இடங்களில் என் தலைக்கு மேல் உயரம். சரிவில் புல், ஓரத்தில் வாழை. மேலே தகர வீடுகள், கைப்பம்பு, கழிப்பறை, மாட்டுக்கொட்டில். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பணம் கொடுத்து 2004 முதல் 2016 வரை இந்தத் திட்டுகளில் ஒரு வாழ்வாதாரத் திட்டம் நடந்தது. அப்போதுதான் இப்படி மேடு போடும் வழக்கம் பெரிய அளவில் பரவியது. அந்த வட்டாரத்தில் தெரிந்த மிக உயர்ந்த வெள்ள மட்டத்தைப் பார்த்து, அதற்கு மேல் இரண்டடி. மண் சுமந்தவர்கள் ஊர்க்காரர்களே. வேலையில்லாத பஞ்ச மாதங்களில் அதுவே அவர்களுக்குக் கூலி. மேட்டோடு ஒரு பசுவும் கொடுத்தார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டுச் சாச்சிக்கு, அதாவது சித்திக்கு, ஐம்பது வயதிருக்கும். ஏறி வந்த உடனே ஒரு தட்டு நிறைய பொரி, வெல்லம், மூன்று மாம்பழம், சிவப்புத் தேநீர். மாம்பழத்தை நறுக்குவதில்லை. கையால் பிசைந்து, முனையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். அவர் செய்து காட்டினார். சாப்பிட்டு முடியும்வரை எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரவுச் சோற்றுக்கு வாளைமீன் குழம்பும் கத்தரிக்காய் வறுவலும். பிறகுதான் 2020 பேச்சு வந்தது.

ஜூலை மாதம். கொரோனாவால் மகன்கள் டாக்கா கார்மெண்ட்ஸ் வேலையை இழந்து வீட்டில். ஆறு ஏறிக்கொண்டிருந்தது, வாசலுக்கு வரவில்லை. கைபேசி வழியே பணம் அனுப்பும் பிகாஷ் கணக்கில் 4,500 டாக்கா வந்து விழுந்தது. "வெள்ளம் வரும், அதுக்குத்தான் இந்தப் பணம்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. நான் நம்பலை. வெள்ளம் வராம பணம் வந்த கதை எங்க ஊர்லயே கிடையாது" என்றார் சாச்சி.

அந்தப் பணத்தை என்ன செய்தார் என்று விரலை மடித்து மடித்துச் சொன்னார். பெரிய படகுக்கு வாடகை கொடுத்து இரண்டு மாடுகளையும் கன்றையும் கரை அணைக்கு அனுப்பினார். அவல், பொரி, பருப்பு வாங்கினார். பேத்திக்குக் காய்ச்சல் மருந்து. தகரத்தைக் கட்டக் கயிறு. மீதி நூற்றுச் சொச்சம். மேடு நின்றது, ஆனால் கொட்டில்வரை தண்ணீர் ஏறி வந்ததாம். நாட்டில் மூன்றில் ஒரு பங்கு மூழ்கிய வருஷம் அது.

"2017ல?" என்றேன். அந்த ஆகஸ்டும் பெரிய வெள்ளம். அப்போது முன்பணம் கிடையாது. மாட்டு வியாபாரிகள் படகில் வந்து ஒவ்வொரு மேடாக நின்றார்களாம். எல்லோரும் ஒரே நாளில் விற்றால் விலை என்ன ஆகும்? பாதிக்கும் கீழே விற்றதாகச் சொன்னார். திரும்ப வாங்க மூன்று வருஷம் கடனில் ஓடியது. இங்கே மாடுதான் வங்கி. வெள்ளத்துக்கு முந்தின வாரம் அதை விற்காமல் இருக்க முடிந்தால், அடுத்த மூன்று வருஷம் தப்புகிறது. நான் படித்திருந்த எந்த அறிக்கையும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் 10 – திட்டிலேயே

இரவெல்லாம் மழை. தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. காலையில் பழைய சோறு! உப்பு, வெங்காயம், சுட்ட மிளகாய், கூடவே சிதல். சின்னக் கருவாட்டை இடித்து, சேம்பத் தண்டோடு மஞ்சள் சேர்த்து அரைத்து, அடை தட்டிக் காயவைக்கிறார்கள். அதைச் சுட்டுப் பூண்டோடு பிசைந்தால் துவையல். கடற்கரைக்காரியான எனக்கு அந்த வாசனை வீட்டுக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். சாச்சிக்கு அதில் ஏக சந்தோஷம்.

மழை விட்டதும் சாச்சி வெள்ளத்துக்கு எடுத்து வைத்திருப்பதையெல்லாம் காட்டினார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய மண் அடுப்பு. கட்டிலை உத்தரத்தோடு கட்டித் தூக்கும் மூங்கில். நீல நிற மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய், அது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2020இல் மாட்டுத் தீவனத்தோடு கொடுத்தது. விதைநெல், நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இப்போது அதற்குள். பெண்களுக்கான துணி, சோப்பு, நாப்கின் அடங்கிய பெட்டி ஐ.நா. மக்கள்தொகை நிதியத்திலிருந்து வந்தது. "மத்த வருஷம் இதையெல்லாம் யார்கிட்ட போய்க் கேக்குறது? அணைமேல ஆம்பளைங்க நடுவுல உக்காந்திருப்போம்" என்றார் மருமகள், குரலைத் தாழ்த்தி.

அடுத்த மேட்டுக்காரருக்கு அந்த வருஷம் பணம் வரவில்லை. பணம் பெறுவோர் பட்டியலில் பெயர் இருந்தது. கைபேசிக் கணக்கு அவர் பெயரில் இல்லை. புதிதாகத் திறக்க நாள் போதவில்லை. அவர் ஆட்டை விற்றார், வட்டிக்கு வாங்கினார். கோபமாக இல்லை அவர். எனக்குத்தான் கோபம் வந்தது. வெள்ளத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒருவர் அடையாள அட்டையோடு கணக்குத் திறக்க ஓட வேண்டியிருந்தால், அது அந்த ஐந்து நாளின் குற்றம் இல்லை. முந்தைய ஐந்து வருஷத்தில் யாரோ செய்யாமல் விட்ட வேலை.

மாலையில் திட்டின் தெற்கு ஓரத்துக்கு நடந்தோம். ஓரம் என்றால் நேர்க்குத்தான வெட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாளம் விழுந்தது, அதன்மேல் நின்ற சணலோடு. சாச்சி இப்போதிருப்பது அவருடைய ஏழாவது வீட்டு மனை. முந்தைய ஆறும் ஆற்றில். "வெள்ளம் வந்தா போயிடும். மண்ணு போனா வராது" என்றார்.

வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு இருக்கிறது, அதற்கேற்ற பணமும் இருக்கிறது. கரை அரிப்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. எத்தனை கஷ்டப்பட்டு உயர்த்திய மேடானாலும் அடிமண் கரைந்தால் அதுவும் சேர்ந்து போகும். தகர வீட்டைப் பிரித்து, படகில் ஏற்றி, வேறு திட்டில் குத்தகைக்கு இடம் பிடிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் கையில் நாலாயிரம் இருந்தாலும் அதே உதவிதானே? தோழியிடம் இதைக் கேட்டபோது அவள் பதில் சொல்லாமல் நடந்தாள்.

ஜூன் 11 – காய்பாந்தா நகரம்

திரும்பும் படகு எங்கும் தட்டவில்லை. நகரத்தில் வெயில் கொளுத்தியது. ரசமஞ்சரி இந்த ஊர்ப் பெருமை. சின்னச் சின்னப் பால் உருண்டைகள், சுண்டிய பாலில் மிதக்கின்றன. ஒரு தட்டு 80 டாக்கா. கடைக்காரர் நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் இன்னொரு கரண்டி ஊற்றி, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அங்கேயே தோழியின் முன்னாள் சக ஊழியர் ஒருவரைச் சந்தித்தோம். 2020இல் பணம் பெறுவோர் பட்டியல் வேலை பார்த்தவர். தட்டை நகர்த்திவிட்டு மேசைமேல் விரலால் கோடு போட்டு விளக்கினார்.

யாராவது ஒரு அதிகாரிக்கு மனசு வந்து கொடுத்த பணம் இல்லை அது. எந்த அளவு எட்டினால் யார் எவ்வளவு செலவழிப்பது என்று முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. ஐரோப்பியர் நடத்தும் உலக வெள்ள முன்னறிவிப்பு முறையில் பத்து நாளுக்கு முன்பே பெருவெள்ளத்துக்கான சாத்தியம் தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை மணி. ஜூலை 4ஆம் தேதி அது அடித்தது. ஐ.நா.வின் மத்திய அவசர உதவி நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் இறங்கியது. உடனே பட்டியல் சரிபார்ப்பு, தீவனக் கொள்முதல், பெட்டிகளை மாவட்டத்துக்கு நகர்த்துவது. டாக்காவில் அரசின் வெள்ள முன்னறிவிப்பு மையம் பகதூராபாத் அளவுகோலுக்குத் தரும் ஐந்து நாள் கணிப்பு இரண்டாவது மணி. 11ஆம் தேதி அதுவும் அடித்தது. விநியோகம் தொடங்கியது. உலக உணவுத் திட்டத்தின் பணம் மட்டும் சுமார் 23,000 குடும்பங்களுக்குப் போனது.

"வெள்ளம் வரலன்னா? பணம் வீண்தானே?" என்று நான் கேட்டேன். சிரித்தார். "அவங்க அந்தப் பணத்துல அரிசிதான் வாங்கியிருப்பாங்க. எது வீண்?"

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிறகு வந்து கணக்கெடுத்தார்கள். பணம் கிடைத்த குடும்பங்களையும், தகுதி இருந்தும் கணக்குச் சிக்கலால் நேரத்துக்குள் கிடைக்காத குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். வெள்ளத்தின்போது ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு, பணம் கிடைத்தவர்களுக்கு 36 சதவீதம் குறைவு. மூன்று மாதம் கழித்தும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் பெரியவர்களும் மேலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொத்து இழப்பும் வட்டிக் கடனும் குறைவு. நேற்றுப் பார்த்த இரண்டு மேடுகளையும் நினைத்துக்கொண்டே இதைக் கேட்டேன். அந்த ஒப்பீட்டில் இரண்டாவது பக்கம் நின்றவர்களில் ஒருவரின் கையால் நேற்று மாலை தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறைத்தது. 4,500 டாக்கா தனியாக ஒன்றும் செய்திருக்காது. மேடு இருந்ததால் வீடு நின்றது. ஆற்று அளவுகோலை வருஷக் கணக்கில் படித்தவர்கள் இருந்ததால் ஐந்து நாள் கிடைத்தது. கைபேசியும் கணக்கும் இருந்தவர்களுக்குத்தான் பணம் போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் வளர்ச்சிப் பணி என்ற தலைப்பில் வேறு அலுவலகம், வேறு நிதி, வேறு ஆட்கள் செய்தவை. அவசர உதவிக்காரர்கள் அதன்மேல் ஏறி நின்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்காராத இடங்களில் என்ன நடக்கும் என்று கேட்டேன். "ஒருத்தர் மேடு போட்ட திட்டுல இன்னொருத்தர் பட்டியல் இருக்காது. அவ்வளவுதான்" என்றார்.

ஜூன் 13 – சதர்காட்டிலிருந்து இரவு லாஞ்ச்

நேற்று முழுக்கப் பயணம், எழுத ஒன்றுமில்லை. உடம்பு வலி.

ஆற்று வெள்ளத்தைப் பார்த்தாயிற்று, கடல் பக்கத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று போலா தீவுக்குக் கிளம்பினோம். டாக்காவின் சதர்காட் படகுத்துறை நெரிசலை விவரிக்க முடியாது. பத்மா பாலம் 2022இல் திறந்தபிறகு பரிசால் பக்கம் போகும் லாஞ்சுகளுக்கு, அதாவது பெரிய பயணிகள் படகுகளுக்கு, கூட்டம் குறைந்துவிட்டதாம். போலாவுக்கு இன்னும் தண்ணீர்தான் வழி.

நாங்கள் கீழ்த்தளத்தில் போர்வை விரித்தோம். பக்கத்துக் குடும்பம் எங்கள் பையைத் தங்கள் பைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டது, திருட்டுக்குப் பயந்து. சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, ஒரு துண்டு இலிஷ் மீன், 250 டாக்கா. விலை அதிகம்தான். முள்ளும் அதிகம். ஆனால் அந்த எண்ணெயோடு சோற்றைப் பிசைந்தபோது வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஜூன் 14 – போலா, தஜுமுத்தீன்

1970 நவம்பர் 12 இரவு இந்தத் தீவின் வழியே வந்த புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இன்றுவரை உலகில் பதிவான புயல்களில் இவ்வளவு உயிர் குடித்தது வேறில்லை. தஜுமுத்தீன் வட்டாரத்தில் மட்டும் மக்களில் பாதியை நெருங்கும் அளவு இறந்தார்கள்.

எருமைத் தயிர் இங்கே பெயர் பெற்றது. பாலைக் காய்ச்சாமலே மண்சட்டியில் உறையவைக்கிறார்கள். மேலே விரல் தடிமனில் ஆடை. அவலும் வெல்லமும் போட்டுக் காலை உணவே அதுதான். கடைக்காரப் பெரியவர் சட்டியைச் சாய்த்துக் காட்டினார், ஒரு துளி சிந்தவில்லை.

அங்கிருந்து மன்புரா தீவுக்குப் போவதாகத் திட்டம். துறைக்குப் போனால் படகு இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, துறைமுகங்களுக்கு மூன்றாம் எண் எச்சரிக்கை. கடலும் ஆறும் சேரும் அந்த வாயில் சின்னப் படகுகளுக்குத் தடை. அலை பெரிதாகத் தெரியவில்லை எனக்கு. ஆனால் எங்களோடு நின்ற முப்பது நாற்பது பேரில் ஒருவர்கூட "கொஞ்சம் விடுங்க, போயிடலாம்" என்று கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்தார்கள். ஒருவர் பலாப்பழத்தை அறுத்தார். எங்களுக்கும் சுளை வந்தது.

ஜூன் 15 – அங்கேயே

படகு இன்றும் இல்லை. அதனால்தான் இந்த நாள் எனக்குக் கிடைத்தது.

1970க்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கி, 1973 முதல் அரசும் சேர்ந்து நடத்தும் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் இந்தக் கடற்கரை முழுக்க இருக்கிறது. எழுபத்தாறாயிரம் தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். சம்பளம் கிடையாது. அவர்களில் ஒரு ஆபா (அக்கா) எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முப்பத்தைந்து வயது, தையல் வேலை. கட்டிலுக்கு அடியிலிருந்து மெகாபோன், கையால் சுற்றும் சங்கு, மழைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், ரேடியோ எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றாம் எண் வந்ததுமே மெகாபோனுக்குப் புது பேட்டரி போட்டிருந்தார். எச்சரிக்கை ஏற ஏற ஊர்க் கம்பத்தில் ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. மூன்று கொடி என்றால் எல்லோரும் காப்பகத்தில் இருக்க வேண்டும்.

"எந்த வீட்ல கர்ப்பிணி இருக்கு, எந்த வீட்ல நடக்க முடியாத தாத்தா இருக்காரு, எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார். 1991 புயலில் 1,38,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு. வீட்டு ஆண் வந்து சொல்லும்வரை வாசல் தாண்டாமல் காத்திருந்தவர்கள், காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாததால் போகாதவர்கள். இப்போது ஒரு பெண் வந்து கதவைத் தட்டிக் கூப்பிடுவதால் பெண்கள் கிளம்புகிறார்கள். 2020 மே மாதம் அம்பான் வந்தபோது இந்த நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நகர்த்தினார்கள். கொரோனா காலம் என்பதால் கூடுதல் பள்ளிகளையும் திறந்தார்கள். இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்குள் லட்சக் கணக்கிலிருந்து இந்த எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். ஏழை நாடு என்று நாம் சொல்லிப் பழகிய நாடு.

காப்பகத்தைப் போய்ப் பார்த்தோம். தூண்கள்மேல் நிற்கும் கட்டடம். சாதாரண நாளில் அது தொடக்கப் பள்ளி. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பக்கத்திலேயே கால்நடைகளுக்கான மண்மேடு, கில்லா என்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி இறந்தவர்கள் ஏராளம் என்பதால் மாட்டுக்கும் இடம். வடக்கே ஜமுனாவில் தீவனமும் படகு வாடகையும், தெற்கே கில்லா. மனிதர்களைக் காப்பாற்ற இரண்டு இடத்திலும் மாட்டில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

தேநீர்க் கடையில் எழுபது கடந்த ஒரு சாச்சா. 1970இல் பள்ளிச் சிறுவன். ரேடியோவில் ஆபத்து என்று சொன்னார்களாம், எங்கே போவது என்று சொல்லவில்லை. போவதற்கு இடமும் இல்லை. முந்தைய மாதமும் இப்படிச் சொல்லி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஈச்ச மரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பிழைத்தார். வீட்டில் வேறு யாரும் பிழைக்கவில்லை. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார், மூன்று கோப்பை 30 டாக்கா. வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை.

ஜூன் 17 – டாக்கா

காற்று தணிந்து நேற்று இரவு லாஞ்ச் கிளம்பியது. மன்புரா போகவே இல்லை. காலையில் சதர்காட்டில் இறங்கும்போது முழங்கால் அளவு மழைநீர். மூன்று சக்கர வண்டிக்காரர் 400 டாக்கா கேட்டார், கொடுத்தேன். பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார். கேட்டது நியாயம்தான்.

தோழி வீட்டில் கிச்சடியும் முட்டையும். மழைநாளில் இங்கே எல்லா வீட்டிலும் இதுதானாம். சாப்பிட்டுக்கொண்டே நேற்று முதல் மனதில் இருந்ததைச் சொன்னேன். கடற்கரையில் ஐம்பது வருஷமாக ஒரே வேலையை விடாமல் செய்திருக்கிறார்கள். ஆற்றில் முன்பணம் கொடுப்பது இன்னும் தனித்தனித் திட்டமாக, அந்தந்த வருஷத்து நிதியை நம்பி நிற்கிறது. அது அரசின் சொந்த சமூகப் பாதுகாப்புப் பட்டியலோடு ஒட்ட வேண்டும். விதவை ஓய்வூதியம் வாங்குபவரின் கைபேசி எண் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளத்துக்கு முந்தின வாரம் அதே எண்ணுக்குக் கூடுதலாகப் பணம் போனால் போதுமே. அதை நோக்கித்தான் பேச்சு நடக்கிறது என்றாள். வேகம் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாள்.

அரிப்பைப் பற்றி அன்று சொல்லாத பதிலையும் இப்போது சொன்னாள். செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்தக் கரை அந்த வருஷம் கரையும் என்று மழைக்கு முன்பே கணிக்கும் நிறுவனம் டாக்காவிலேயே இருக்கிறது. கணிப்பு கையில் இருக்கிறது, அதன்படி பணம் இறக்கக் கையெழுத்து இல்லை. அதற்கு ஒரு குறிப்பு எழுதப்போகிறாளாம். சாச்சியின் ஏழு மனைகளின் கணக்கை அதில் சேர்க்கச் சொன்னேன், பெயர் இல்லாமல்.

ஞாயிறு காலை அவள் அலுவலகத்தில் திட்டுப் பட்டியலிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கும் வேலை தொடங்குகிறது. எடுக்காத எண்ணுக்குப் படகில் ஆள் போக வேண்டும், கணக்கு இல்லாதவருக்கு இப்போதே திறக்க வேண்டும். ஜூலை பிறப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். அடுத்த மேட்டுக்காரரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு விமான நிலையம் கிளம்பினேன்.